கடைக் கணினிக்கு ரேம் போட்ட மாதம்

ஜூன் 3

பேனர் கோப்பைத் திறந்ததும் கணினி மறுபடியும் நின்றுபோனது. அண்ணன் மேசைக்கடியில் இருந்த பெட்டியை உதைத்தான். பக்கத் தகடு நசுங்கியது. பெயர்ப்பலகைக்காக வந்திருந்த பேக்கரிக்காரர், "அப்புறமா வர்றேன்ப்பா" என்று நழுவினார். அப்பா காலத்தில் வாங்கிய கணினி. எங்கள் வடிவமைப்புக் கடையின் சோறே அதுதான்.

ஜூன் 6

கோப்பு வாங்க அச்சகத்திலிருந்து டிரைவர் வந்தார். "இன்னும் ஆகலையா?" என்றுதான் கேட்டார். அண்ணன் அவர் பிடரியைப் பிடித்து முகத்தை ஷட்டரில் மோதினான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் நடுவில் விழுந்து பிரித்தேன்.

"இந்தச் சனியன் ஒழுங்கா ஓடினா எனக்கு எதுக்குக் கோபம் வரப்போவுது?" என்றான், கை கழுவிக்கொண்டே.

நியாயம்தானே? நியாயம்தானா?

ஜூன் 9

மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மிஷின் கெட்டுப்போகல. மெமரிதான் பத்தல. ஒத்த ஆள் படுக்கிற கட்டில்ல ஒரு குடும்பத்தையே படுக்க வச்சா எப்படி?" இன்னொரு ரேம் செருக இடம் காலியாக இருந்தது. இது பழைய வகை, புதிதாகக் கிடைக்காதாம். வேறொரு கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

ஜூன் 10

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு நானே பொருத்தினேன். போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை இருட்டு. அண்ணன் எட்டிப் பார்த்தான்.

அறைஞ்சான். காது இன்னும் கொய்ய்னு இரையுது. "இருந்ததையும் கெடுத்துட்டியா?"ன்னு இன்னொண்ணு. மேசை முனையில நெத்தி இடிச்சுது. அழல. அழுதா இன்னும் விழும்னு தெரியும்.

அவன் டீ குடிக்கப் போனான். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்தினேன். திரை வந்துவிட்டது.

ஜூன் 11

பேனர் கண்மூடித் திறப்பதற்குள் திறக்கிறது. அண்ணன் சீட்டியடிக்கிறான்.

ஜூன் 17

ஒரு வாரமாகக் கடையில் சண்டை இல்லை. வேலையெல்லாம் மாலைக்குள் முடிந்துவிடுகிறது. இன்று அண்ணி வந்தார். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. தண்ணீர் வாங்கும்போது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் வேகமாயிடுச்சாமே. இப்பல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துடறாரு."

ஜூன் 18

பெட்டி மேல பழியப் போட்டுட்டு எத்தனை நாள் கண்ண மூடிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஜூன் 22

மதியமே வேலை முடிந்து அண்ணன் கிளம்பிவிட்டான்; மனசு கேட்காமல் நானும் அண்ணி வீட்டுக்குப் போனேன். மாடிப்படியிலேயே அலறல் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "புருஷன் பொண்டாட்டி விஷயம்மா" என்றார்.

கதவு திறந்தே இருந்தது. அண்ணியின் வலது கையை அண்ணன் அலமாரி இடுக்கில் வைத்து அதன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மடக்கு நாற்காலி எடுத்தேன். முதுகுல ஒண்ணு. திரும்பினான் — தலையில ஒண்ணு. விழுந்தான். காது வழியா ரத்தம். மறுபடியும் ஓங்கினேன். நெஜமாவே கொல்லத்தான் ஓங்கினேன்.

அண்ணி முறியாத கையால் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டார். "போதும். இவனுக்காக நீ ஜெயிலுக்குப் போவியா? போலீசுக்கு போன் பண்ணு."

ஜூன் 24

பிழைத்துக்கொண்டானாம். நாற்காலியால் அடித்தது நான்தான் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அண்ணி நடந்தது முழுவதையும் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா இரண்டு பேர் சொன்னதையும் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

ஜூலை 14

ஜாமீனில் வந்தவன் மாமா வீட்டில் இருக்கிறான். எங்கள் பக்கம் வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. அண்ணி என்னோடுதான் இருக்கிறார், கடைக்கும் வருகிறார். வலது கையில் கட்டு. இடது கையால் தட்டச்சு பழகுகிறார். வாசலில் நிழல் தட்டினாலே இருவரும் வெடுக்கென்று நிமிர்வோம். இன்றும் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். நிமிர்ந்தது நான் மட்டும்தான். அண்ணி ஏதோ ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.