நெய்யாத துணி

ஆட்டையாம்பட்டி,
18.8.2024, ஞாயிறு.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிப் போகப் போக நீயே தெரிந்துகொள்வாய். ஊட்டிக் குளிர் இனியாவுக்கு ஒத்துக்கொண்டதா? போன வாரம் மாப்பிள்ளை குமரகுரு அனுப்பிய படத்தில் குழந்தைக்கு மூக்கு சிவந்திருந்தது. குல்லாயைக் காதுவரை இழுத்துவிடு. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் அண்ணன் பெயரை எடுத்தாலே, "மீட்டிங் இருக்குதுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அது வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி இருபத்து மூன்றாம் தேதி நம் கோயிலில் இனியாவுக்குக் காதுகுத்து என்று பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் மதன் என்னடா என்றால், "நான் வரலைங்கப்பா. அவங்க ஆபீசருங்க, வேற மடி கெடைக்கும்" என்கிறான். நீயோ, யாரும் வேண்டாம், ஊட்டியிலேயே ஒரு நகைக்கடையில் குத்திக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாயாம். இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சாப்பாட்டில் உப்புப் போடுவதையே மறந்துவிடுகிறாள். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் கடைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு அது எப்படிப் பட்டது என்று உனக்குத் தெரியாது. வைகாசிக் கடைசியில் ஒரு நாள், சேலம் பஸ் வந்து நிற்கும் நேரம். சுகாதார ஆய்வாளராக நீ இரண்டு ஆட்களோடு ஒவ்வொரு கடையாகப் பிளாஸ்டிக் பை பார்த்துக்கொண்டு வந்தாய். நம் முறுக்குக் கடையை மட்டும் தாண்டிப் போனால் ஊர் பேசும், அது எனக்கும் தெரியும். வெள்ளைப் பை ஒன்றை எடுத்தாய். "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை. அதன் ஓரத்தில் தீக்குச்சியை வைத்தாய். சுருங்கிச் சொட்டுச் சொட்டாக உருகியது. "துணின்னா சாம்பலாகும், இது உருகுது பாருங்க" என்று கூட்டத்துக்குக் காட்டினாய். பஸ்ஸில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். மதனை "சார்" என்று கூப்பிட்டாய். நோட்டீஸில் அவன் பெயரை எழுதினாய், அவன் கையெழுத்துப் போட்டான், பை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த மாதமே உனக்கு ஊட்டிக்கு மாறுதல். அது நீயாகக் கேட்டு வாங்கியது என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே.

சரி, பைக்கு வருகிறேன். எனக்கு நிஜமாகவே தலை சுற்றுகிறது பிரியா. பால் பாலித்தீன் கவரில்தான் வருகிறது, அதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உன் அம்மா அந்தக் கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, தான்தான் இந்த ஊரின் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் பாக்கெட்டும் அப்படியே. சரி, காகிதப் பைக்கு மாறுவோம் என்று மாறினோம். முறுக்கின் எண்ணெய் இறங்கி, ஒரு அம்மாள் பஸ் படியில் ஏறும்போது பை பிய்ந்து முறுக்கெல்லாம் ரோட்டில் விழுந்தது. அந்த அம்மாள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

எதிர்வீட்டு அறிவு இருக்கிறாரே, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், அவரைக் கேட்டேன். காகிதத்துக்கு மரமும் தண்ணீரும் போகிறதாம். துணிப்பை என்றால் பருத்திக்குத் தண்ணீர், சாயப்பட்டறைக்குத் தண்ணீர். ஒரே பையை நூறு தடவைக்கு மேல் தூக்கினால்தான் கணக்குச் சரிவருமாம். அப்படியானால் பழைய கவரே தேவலையா என்று கேட்டேன். "அப்படியும் சொல்ல முடியாதுங்க" என்றார். படித்தவர்களிடம் கேட்டால் இதுதான் தொல்லை. ஒரு சந்தேகத்தோடு போனால் மூன்றோடு திரும்பி வருகிறோம்.

ஆனால் நமக்குப் பால் ஊற்றும் பொன்னாத்தாளின் மாடு போன வருஷம் செத்துப்போனதே, நினைவிருக்கிறதா? டாக்டர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கூடை கூடையாகப் பை இருந்ததாம். நம் கடைப் பையும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அதை நினைத்தால் நீ செய்தது சரி என்று படுகிறது. கடைக்குள் வந்து மதனின் முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரிப் படுகிறது. ஒரே நாளில் இரண்டு தடவை கட்சி மாறுகிறேன்.

உனக்கு முறுக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா நச்சரிக்கிறாள். மலை ஏறும் பஸ்ஸில் ஏறி, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதிக்கிறார்களாமே? அதனால் எவர்சில்வர் தூக்கில் போட்டு, தெரிந்தவர் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம். தூக்கைத் திருப்பி அனுப்பிவிடு, இல்லாவிட்டால் உன் அம்மா அதற்கு ஒரு மாதம் பேசுவாள்.

செவ்வாய்க்கிழமை.

மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டுவிட்டு இரண்டு நாளாகத் தபாலில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பாலையும் முறுக்கையும் பற்றி இத்தனை எழுதிவிட்டு, எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அந்தப் பையை வாங்கியது மதன் இல்லை. நான்தான். பை வியாபாரி தண்டாயுதபாணி சாம்பிள் பை காட்ட வந்தபோது, "நெய்யாத துணிங்க, புதுசா வந்துருக்குது" என்றார். மதன் அப்போதே, "ஏனுங்கப்பா, நெய்யாம எப்படிங்க துணி வரும்?" என்று கேட்டான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். என் அப்பா அம்மாபேட்டையில் தறி போட்டவர், எனக்குத் துணி தெரியாதா? பையின் ஓரத்தை நகத்தால் சுரண்டி இழுத்துப் பார்த்தேன். மட்டத் துணியாக இருந்தால் நூல் பிரிந்து வரும். இதில் ஒரு இழைகூட வரவில்லை. என்ன நெருக்கமான நெசவு என்று மெச்சி, கட்டுக் கட்டாக எடுக்கச் சொன்னேன். பச்சை எழுத்தும் என் யோசனைதான். நூல் இருந்தால்தானே பிரிந்து வரும்? இது நீ தீக்குச்சி வைத்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

இன்னொன்றும் இருக்கிறது. கடையை ஓடியாடி நடத்துவது மதன். அதனால் கடை அவனுடையது என்றுதான் நீயும் ஊரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் ரிட்டயர் ஆன கையோடு எடுத்த லைசென்ஸ் அது. என் பெயரில்தான் இருக்கிறது.

அன்று நீ பேனாவைத் திறந்துகொண்டு, "லைசென்ஸ் யார் பேர்ல இருக்குதுங்க?" என்று கேட்டாய். நான் முறுக்கு டின்களுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சூரமங்கலம் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோ வாங்காதவன் நான். முதல் மெமோ பெற்ற மகள் கையாலா என்று நினைத்ததும் ஸ்டூலிலேயே இருந்துவிட்டேன். மதன் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் நடந்து போய், லைசென்ஸ் மாட்டியிருந்த சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்று, "எம்பேருதானுங்க மேடம், எழுதிக்குங்க" என்றான். நீ எழுதினாய்.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று பிறகு கேட்டேன். "அவ கையால உங்க பேர எழுதிட்டு அவ எப்படிங்கப்பா நிம்மதியா இருப்பா?" என்றான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். நோட்டீஸுக்கு அவன் கோபப்படவே இல்லை. "சார்னு கூப்புட்டுட்டாளுங்கப்பா" என்பதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பை விஷயத்தில் யார் சொல்வது சரி என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. சட்டத்தை வளைக்கவும் உன்னைக் கேட்கவில்லை. அந்த நோட்டீஸை என் பெயருக்கு மாற்றி எழுத வழியிருந்தால் சொல், எங்கே வரச் சொன்னாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் மதனுக்கு ஒரு போன் போடு, சாமி. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். நான் எழுதியதையும் காட்டிக்கொள்ளாதே. "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிடு, போதும். குத்தும்போது இனியா துள்ளி அழுவாள். அவளை அவன் பிடித்துக்கொள்ளட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. சரவணமுத்து,
கடை உரிமையாளர்.