பென்சிலில் எழுதியது

9-6-1958, திங்கள்

நான்காம் பாரத்துப் பெண்களுக்கு விருப்பப் பாடத் தாள் கொடுத்தேன். பள்ளியிறுதி வரை மூன்று வருஷமும் படிக்கப் போகும் பாடத்தை அவர்கள் பென்சிலில் எழுதித் தருவார்கள். வகுப்பு ஆசிரியையான நான் அதன்மேல் மையால் எழுதி உறுதி செய்ய வேண்டும். எங்கள் பள்ளி வழக்கம்.

ஜெய்தூன் பீவி ‘இரசாயனம்’ என்று எழுதியிருக்கிறாள். பேகம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்க்கும் அப்துல் லத்தீபின் மூத்த மகள். “ஆவாரம்பட்டைத் தண்ணில ஊறுனா தோலு ஏன் டீச்சர் அழுக மாட்டேங்குது?” என்று போன வருஷமெல்லாம் என்னைத் துளைத்தவள். எனக்குப் பதில் தெரியவில்லை.

12-6-1958

மையெழுத்து முடிந்தது. ஜெய்தூன் தாளில் மட்டும் பென்சிலை அழித்துவிட்டு ‘தையல்’ என்று எழுதினேன். அந்த வீட்டில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பவா போகிறார்கள்? ஆசைப்பட்டுப் பிறகு அழுவதைவிட — அவள் நல்லதுக்குத்தான்.

13-6-1958

தாளைப் பார்த்துவிட்டு ஜெய்தூன், “சரிங்க டீச்சர்” என்றாள்.

20-2-1961

ஜெய்தூனின் தையல் நோட்டு. தைத்து ஒட்டியதில் ஒரு பொத்தான் துளைகூட நேராக இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்: சின்னாளப்பட்டிச் சுங்குடித் துண்டுகளில் எந்தச் சாயம் எத்தனை வெளுப்புக்கு நின்றது என்று.

14-6-1961, புதன்

அப்துல் லத்தீப் பள்ளிக்கு வந்தார். விரலெல்லாம் பட்டைக் கறை.

“மதுரையில காலேஜுல கெமிஸ்ட்ரிக்குக் கேட்டோம். தையல் படிச்ச புள்ளைக்கு எடமில்லன்டாக. நீங்க ஒரு வார்த்த சொல்லணும் டீச்சரம்மா.”

நான்தான் மாற்றினேன், நீங்கள் அனுப்பமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

பேகம்பூர் எம்புட்டு தூரம்? பத்து நிமிஷ நடை. போனேனா? எங்க அப்பா என்னைக் கேக்காமலே பி.ஏ.வுல சேத்துவிட்டாருன்னு நாப்பத்து மூணு வயசுலயும் ஆறல எனக்கு. நான் பண்ணுனது மட்டும் என்ன?

15-6-1961

கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது என்றே எழுதினேன்.

3-7-1961

பதில் வந்தது. இடமில்லை.

19-11-1961

ஜெய்தூனுக்கு நிக்காஹ். அழைத்திருந்தார்கள். என்ன முகத்தோடு போவது?

13-6-1962, புதன்

இந்த வருஷத் தாள்கள். நான்காம் பாரத்தில் மெஹராஜ், ஜெய்தூனின் தங்கை. கணக்கில் வகுப்பிலேயே முதல். பென்சிலில் ‘தையல்’ என்று எழுதியிருந்தாள்.

“ஒனக்குத் தையல் பிடிக்குமா?”

“இல்ல டீச்சர்.”

“பெறகு?”

“அக்காதான் சொன்னுச்சு. நீயே எழுதிக் குடுத்துரு, அழிச்சு எழுதுற செரமம் டீச்சருக்கு எதுக்குன்னு.”

ரப்பரை அவளிடம் கொடுத்தேன். பேனாவையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அத்தாவக் கேட்டுட்டு வாரேன் டீச்சர்.”

பள்ளி விட்டதும் அவள் அப்பாவைப் பார்க்க நானும் அவளோடு பேகம்பூருக்கு நடந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.