உன் அண்ணனுக்குப் புதுக் கால்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். போன கடிதங்களில் அதை ஒப்புக்கு எழுதினேன், இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, அவசரத்தில் நின்றுகொண்டே விழுங்காதே.

அண்ணன் விஷயம் நல்லபடியாக முடிந்தது. ராணுவத்தில் கால் போனதற்காக அவனுக்கு வந்த பென்ஷனில் பெரும்பகுதியை, அந்த அடிதடி வழக்கில் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள் அல்லவா, பரோலில் வெளியே வந்த பிறகும் அது அப்படியே கிடந்தது. பட்டறையில் எனக்கு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான், பழைய செயற்கைக் கால் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது, கழற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வான். ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போடா என்றால், பரோல்னா பாதிக் கைதிதான்ப்பா, எனக்கு அங்க என்ன உரிமை, வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க என்பான். கூப்பிடாமல் மேலதிகாரி முன்னால் போய் நிற்கக் கூடாதாம். இவன் பட்டாளத்தை விட்டாலும் பட்டாளம் இவனை விடவில்லை. அவர்களோ இவன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

புண்ணில் சீழ் வைத்ததைப் பார்த்ததும் அம்மா, நாளைக்கு நீ வரலைன்னா உன் கால நானே கழட்டித் தூக்கிக்கிட்டுப் போய் பென்ஷன் ஆபீஸ்ல வெப்பேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் ஆயிற்றே, மறுநாள் எங்களோடு கிளம்பினான். முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பரோல்ல வந்தாலே எங்களுக்கு வெளிய வந்த மாதிரிதான் தம்பி, வந்தன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முழு பென்ஷனும் ஆரம்பிச்சிருப்போம், வைத்தியத்துக்கு இங்க யாரு வேணாம்னா என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, தும்முகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள், இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அன்றைக்கே முழு பென்ஷனுக்கும் எழுதிக்கொண்டார்கள், ஆஸ்பத்திரியில் மருந்தும் போட்டார்கள், புண் ஆறியதும் புதுக் காலுக்கு அளவெடுப்பார்கள். ஜெயிலைப் பற்றி ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னை விசாரித்தான். நீயே போன் பண்ணேன்டா என்றேன். வேணாம்ப்பா, அவ என்னைத் தலைமுழுகிட்டா என்றான். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தது, அது நியாயம்தான். ஆனால் இதையும் அவனாகத்தான் முடிவு செய்துகொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா