அரைக்கு முறை எப்போது வரும்

என் அன்பான கணக்கு டீச்சருக்கு,

நலம்தானே? பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், நம்பு.

நேற்று அறையில் ஒரு சண்டை, கேட்டால் சிரிப்பாய். பின்னங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையில் நிறுத்தலாம் என்று சொல்லித் தொலைத்தேன். கூடத் தங்கியிருக்கும் வெல்டர் விடவில்லை.

"முதல்ல யாரை நிப்பாட்டுவ?"

"முழு எண்ணை எல்லாம். அப்புறம் அரை, ஒன்னரை..."

"முழு எண்ணு எங்கடா முடியும்? அரை நின்னுக்கிட்டே சாகணுமா?"

அப்புறம்தான் நீ சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டி, தொகை சிறியதை முதலில் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் கொஞ்சம் பின்னங்கள்தான் வரும். அதனால் எல்லாவற்றுக்கும் என்றைக்காவது முறை வந்தே தீரும். வெல்டர் ஒப்புக்கொண்டான். எனக்குத்தான் எங்கள் லீவு வரிசை உறைத்தது. இங்கே கம்பெனியில் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் லீவில் ஊருக்குப் போய்வந்த பிறகுதான் எங்களுக்கு லீவு. அவர்கள் முறை முடிவதே இல்லை.

காலையில் சூப்பர்வைசரிடம் போய், "ஆபீஸ்ல ஒருத்தர், எங்கள்ல ஒருத்தர்னு மாத்தி மாத்தி விடுங்க சார்" என்றேன்.

"கணக்கு படிச்சவனை வேலைக்கு எடுத்தது என் தப்பு" என்று சிரித்துவிட்டு, என்னை வெளி யார்டுக்கு மாற்றிவிட்டார். வெயில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நாளைக்கு வெல்டர் போய்க் கேட்கப்போகிறான், மறுநாள் பெயிண்டர்.

பாப்பாவின் காலை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். நான் வரும் நாளுக்கு எவ்வளவு பெரிதாக வாங்குவது என்பதை நீயே கணக்குப் போட்டுச் சொல், எனக்குத் தெரியவில்லை.

யார்டுக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

வரிசையில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்