பின் சீட்டின் மேல்துணி

சேரன்மகாதேவி
4.9.94

என் அருமை மகள் சித்ரலேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உன் தம்பியும் காந்திமதி அம்மன் கிருபையால் சுகமாயிருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி விஜயஸ்ரீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? ஃபாக்டரிப் புகையில் நிற்கிறவருக்குத் தொண்டை கமறத்தான் செய்யும், ராத்திரி பாலில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் கொடு. விஜி பள்ளிக்கூடத்தில் இந்தியில் பாட்டுப் பாடுகிறாள் என்று எழுதியிருந்தாய், பாடட்டும், ஆனால் இங்கே வந்து ஆச்சியிடம் இந்தியில் சாப்பாடு கேட்டால் கிடைக்காது என்று சொல்லி வை. மோர்மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் பொடியும் உனக்கென்று மில்லில் அரைத்து வாங்கியாயிற்று. அந்த மஞ்சள் பொடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது ஒரு பெரிய கதை.

தீபாவளிக்கு ஜங்ஷனில் வந்து இறங்கினதும் கார்த்திகேசன் காரோடு வந்து நிற்பான் என்று அப்பா உனக்கு எழுதியிருப்பார். உன் தம்பி கார் வாங்கின விஷயம் அவர் பெருமையாக எழுதியிருப்பார், அதன் பின்னால் நடந்தது எதையும் எழுதியிருக்க மாட்டார். அதற்குத்தான் நான் பேனாவைத் தூக்கினேன். இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, பதில் எழுதும்போது ஜாக்கிரதையாக எழுது. பழைய அம்பாசிடர்தான். டாக்சியாக ஓட்டலாம், முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு விடலாம் என்று வாங்கினான். ஆனி மாதம் முடிய ஒரு நாள்தான் பாக்கி, ஆடி பிறந்துவிட்டால் புது வண்டி வாசலுக்கு வரக்கூடாது என்று அப்பா அவசரப்படுத்தினார். நம் வீட்டு ஆண்களைத்தான் உனக்குத் தெரியுமே. வண்ணார்பேட்டை புரோக்கர் சாவியை நீட்டினான், இவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்களே தவிர வண்டியைப் பார்க்கவில்லை. வந்து நின்ற அன்றைக்கே நான் கேட்டேன், உள்ளே என்ன ஒரு மாதிரி ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது என்று. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா வாயை அடைத்துவிட்டார்.

ஆடியில் ஓட்ட வேண்டாம், அதற்குள் உள் வேலையெல்லாம் முடித்துவிடலாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே கூரையில் ஒட்டியிருந்த துணி பசை விட்டுத் தொங்கி, உட்காருகிறவர் தலையில் வந்து படுத்துக் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட மேலப்பாளையத்திலிருந்து பாவாவைக் கூட்டி வந்தான். குஷன் கடை வைத்திருக்கிறவர், நம் வீட்டு சோபாவுக்கு உறை தைத்தாரே, அவர்தான். கடை முன்னால் இடமில்லை என்று நம் வீட்டு முற்றத்திலேயே வேலை நடந்தது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால்தான் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். தொங்கின துணியை அவர் ஓரத்திலிருந்து பைய உரித்துக்கொண்டு வந்தார். பார்த்தால் அதற்கு உள்ளே இன்னொரு துணி இருக்கிறது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே யாரோ புதுத்துணியை ஒட்டி மூடியிருக்கிறார்கள். அந்தப் பழைய துணியைத் தாங்குகிற வளைகம்பியை அவர் உருவினதும் அதிலிருந்து வண்டல் மண் கொட்டியது. திருநீறு மாதிரி நைசான ஆற்று வண்டல். நமக்கு அந்த மண்ணைத் தெரியாதா? தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் வெள்ளம் வடிந்த பிறகு நம் அடுக்களையில் வாரி வாரிக் கொட்டினோமே, அதே மண். வண்டி கூரை வரைக்கும் ஆற்றுக்குள் கிடந்திருக்கிறது.

அதோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பின் சீட்டுக்கு நேர் மேலே அந்தப் பழைய துணி கீறிக் கிழிந்திருந்தது. பக்கம் பக்கமாக நாலு கோடு, கீழேயிருந்து இழுத்த மாதிரி. அதை ஒட்டினாற்போல் இன்னும் சின்னதாக நாலு கோடு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, பழந்துணி கிழியத்தானே செய்யும் என்றார். பாவா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், "ஆச்சி, இது தானா கிழிஞ்சதில்ல. உள்ள இருந்து ஆளு கிழிச்சிருக்கு." நான் ஏறி உட்கார்ந்து என் கையை அந்தப் பெரிய கீறல் மேல் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது. சின்னது யார் கைக்குப் பொருந்தும் என்று நான் நினைத்ததை உனக்கு எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

யார் என்று தெரியவில்லை சித்ரா. பிழைத்தார்களா என்றும் தெரியவில்லை. கார்த்தி புரோக்கரிடம் போய்ச் சத்தம் போட்டான், அவன் தனக்கு ஏலத்தில் வந்த வண்டி, பேப்பர் சரியாயிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்று கையை விரித்துவிட்டான். திரும்பி வந்த உன் தம்பி செய்த காரியத்தைக் கேள். வண்டியை விற்றுத் தொலை என்று நான் சொன்னேன். அவனோ வெளியே மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் எவன் முகூர்த்தத்துக்குக் கூப்பிடுவான் என்று என்னையே மிரட்டினான். பாவாவை அவசரப்படுத்தி, பொடிப்பொடியாகத் துளை போட்ட சந்தன நிற ரெக்சினை வெயிலில் காயவைத்து இழுத்து ஒட்டச் சொன்னான். அவர் ஏதோ ஓதிக்கொண்டேதான் ஒட்டினார். வேலை சுத்தம், ஒரு சுருக்கம் கிடையாது. "மேல துணி போட்டாச்சுல்லா, இனி யாருக்குத் தெரியப்போவுது" என்று உன் தம்பி சிரித்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அந்தக் கிழிந்த துணியை எஞ்சின் துடைக்க எடுத்துக்கொண்டு போகப் பார்த்தான், நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஆடி அமாவாசைக்கு அப்பா ஆற்றில் தர்ப்பணம் கொடுக்கும்போது அதைத் தண்ணீரில் விட்டேன். அந்தப் பேர் தெரியாதவர்களுக்கும் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடுங்கள் என்று கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பழந்துணி என்று சொன்னவரே இன்னொரு கை எள்ளை அள்ளித் தண்ணீரோடு விட்டார். அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் கூடிவிட்டது.

இனி மஞ்சள் கதையைக் கேள். ஆவணி பிறந்து வண்டி ஓட ஆரம்பித்த புதிதில், காற்றில் புழுதி வந்து புதுத்துணியில் ஒட்டும் என்று கண்ணாடியெல்லாம் ஏற்றி முற்றத்தில் நிறுத்தியிருந்தான். நான் உனக்கென்று அரைத்து வந்த மஞ்சள் பொடியை டின்னில் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து உட்கார்ந்து பார், மெத்தை மாதிரி இருக்கிறது என்று ஆசையாகக் கூப்பிட்டான். பிள்ளை கூப்பிடுகிறானே என்று கையைக்கூடக் கழுவாமல் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிட்டு, இதோ வருகிறேன் என்று தண்ணீர் குடிக்க உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் புழுங்கியது, இறங்கலாம் என்று கைப்பிடியைத் திருகினேன். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கமும் திறக்கவில்லை. கண்ணாடி இறக்குகிற பிடி சும்மா சுற்றியது. தட்டினேன், கத்தினேன். வெளியே காற்று மரத்தைப் போட்டு ஆட்டுகிறது, அடுத்த வயலில் பம்புசெட் ஓடுகிறது, யாருக்குக் கேட்கும்? முன் சீட்டைத் தாண்டிப் போயிருக்கலாமே என்று இப்போது நீ நினைப்பாய். எனக்கும் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை ஏட்டி, அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன். உள்ளே இருக்கிறவளுக்கு அது தோன்றாது. அவன் வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தபோது என் வலது கை மேலே கூரையில் இருந்தது. நான் எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. அதே இடம்.

கார்த்தி பயந்துதான் போனான். மறுநாளே பூட்டில் எண்ணெய் விட்டுத் தட்டிக் கொட்டினான், இப்போது சரியாகிவிட்டது என்கிறான். சில நேரம் திறக்கிறது, சில நேரம் என்ன செய்தாலும் அசையாமல் இருக்கிறது. புதுப்பூட்டு மதுரையில்தான் கிடைக்குமாம், வாங்கப் போகிறேன் போகிறேன் என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஓடினதெல்லாம் நல்லபடியாகத்தானே போய் வந்தது என்று அப்பா கேட்கிறார். ஆவணியில் கால்வாய் முழங்காலுக்கு ஓடும்போது எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும். நீ வருவது ஐப்பசியில். பாபநாசம் அணையில் தண்ணீர் இப்போதே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பால்காரர் சொல்கிறார். பேட்டை தாண்டிக் கன்னடியன் கால்வாயை ஒட்டி வருகிற ரோடு உனக்குத் தெரியும், மழை அடித்தால் ரோடு எது தண்ணீர் எது என்று தெரியாது. தம்பி மேல் உனக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியும், அவன் முகம் வாடப் பொறுக்க மாட்டாய். எனக்கும் அவன் பிள்ளைதான். ஆனாலும் நான் பெற்றவள், எனக்கு இரண்டு பிள்ளைகள்.

அதனால் சொல்கிறேன், நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினதும் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதே. அப்படியே செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி நம் ஊர் ஸ்டேஷனில் இறங்கு. விஜிக்கு ரயில்தான் பிடிக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிடு, பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்றி அனுப்பு. அவன் கேட்க மாட்டான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான், மாமா கார் பார் என்று பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். அவளும் குதித்து ஏறப் பார்ப்பாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். விஜிக்கு என் முத்தம். மகராசியாக, தீர்க்க சுமங்கலியாக, மடி நிறைந்து வாழ வேண்டும் நீ. ஒன்றை மட்டும் மறக்காதே. ஏறுவதற்கு முன்னால் குனிந்து மேலே பார். உன் தம்பி சோப்பு போட்டான், பெட்ரோல் போட்டான், எலுமிச்சம்பழம் தேய்த்தான், போகவில்லை. மஞ்சள் கறை வெயில் பட்டால்தான் போகும், அங்கே எங்கே வெயில் படும்? பின் சீட்டுக்கு நேர் மேலே மஞ்சளாக ஐந்து விரல் தெரியும். அது உன் அம்மாவின் கை. வேண்டாம் என்றுதான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
சி. அன்னத்தாய்