பத்திரமாக இருக்கிறது

என் கோபக்காரிக்கு,

முதலில் மானம் போன கதை. நம் குமாசி நகர அரண்மனை அருங்காட்சியகத்துக்கு நம் பழைய ராஜாவின் வாள் வந்திருக்கிறதென்று போனேன். செருப்பைக் கழற்றி, தோளிலிருந்து துணியை இறக்கி, கண்ணாடிப் பெட்டிமுன் குனிந்து வணங்கினேன். பின்னால் வந்தவர்களும் வணங்கினார்கள்.

"அண்ணே, அது காத்துல ஈரம் பாக்குற மிஷினு. வாளு அந்தப் பக்கம்" என்றாள், சந்தையில் நத்தை விற்கும் உன் தோழி போமா. இதற்குள் உனக்குச் சொல்லியிருப்பாள்.

வாள் அழகு, தங்கப் பிடி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இதை அள்ளிக்கொண்டு அரண்மனையைக் கொளுத்திவிட்டுப் போனது, இப்போது நமக்கே இரவலாக வந்திருக்கிறது. இத்தனை காலமும் பத்திரமாகப் பாதுகாத்தார்களாம், பலகையில் எழுதியிருக்கிறது.

போமா இடுப்பில் கைவைத்தாள். "தூக்கிட்டுப் போனவன் எல்லாம் இதத்தான் சொல்றான். பத்திரமா இருக்கான்னா கேட்டோம்? யாரு பொருளுன்னுதானே கேட்டோம்!"

கூடமே சிரித்தது. நான் மட்டும் குனிந்து செருப்பைத் தேடினேன்.

நம் கல்யாணத்தில் நான் உனக்குத் தந்த மர ஆசனத்தைக் கேட்டு, உன் அக்கா வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பினாய். "அங்கே கூரை ஒழுகும், இங்கேயே பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லியனுப்பினேன் அல்லவா?

நாளைக் காலை வண்டியில் ஆசனம் வருகிறது. இரவல் இல்லை, உன்னுடையது. எந்த வீட்டில் போட்டு உட்காருவாய் என்பது உன் இஷ்டம். இங்கே அது இருந்த இடத்தைப் பெருக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீ போன நாளிலிருந்து, ஆவி எதுவும் வந்து அமராதபடி அதைச் சாய்த்தே வைத்திருந்தேன். யாரையும் உட்காரவிடவில்லை.

இப்படிக்கு,
மிஷினை வணங்கியவன்

பி.கு.: இந்தக் கடிதத்தை அதில் உட்கார்ந்துதான் எழுதினேன்.