கல்லுக்குக் கம்பளி போர்த்திய கதை

வெங்கச்சாங்காட்டுச் சக்கரவர்த்தியும், சொன்னது எதையும் நம்பாத மகாராஜாவும், என் தங்கை பாவாயியின் புருஷனுமாகிய என் அருமை மாப்பிள்ளை செங்கோடனுக்கு,

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். கிழட்டு மாட்டின் தலையில் கை வைத்து இளங்கன்று என்று சத்தியம் செய்கிற மாட்டுத் தரகன் நான். இன்று எதன் தலையிலும் கை வைக்காமல் சத்தியம் செய்கிறேன்: நீ நம்பமாட்டாய். நீ நம்பாமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு எனக்கு ஒரு பெரிய கஷ்டம் வந்துவிட்டது. எல்லோரும் என்னை நம்பத் தொடங்கிவிட்டார்கள். உன் எழவு வீட்டிலேயே அது ஆரம்பித்தது. வந்தவர்களிடம், "என்ற மாப்பிள்ள ஒரு மழைக்குப் பொறுக்குன கல்லக் குமிச்சா, பக்கத்துல கொல்லிமல குட்டையாத் தெரியுமுங்க" என்றேன். நியாயமாக அந்த இடத்தில் "பொய்யி மச்சான்" என்று உன் குரல் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "ஆமாங்க" என்றார். இன்னொருவரும் "ஆமாங்க, பாவமுங்க" என்றார்.

மாப்பிள்ளை, அப்போதுதான் எனக்கு நீ செத்தது தெரிந்தது.

உன் காட்டுச் சேதி சொல்கிறேன். ஐப்பசியில் நல்ல மழை. வெங்கச்சாங்கல் வழக்கம்போல மேலே வந்து, ஆயிரம் மாட்டின் பல்லைப் பிடுங்கி விதைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மழைக்கு மழை கல் வளர்கிறது என்று நாமகிரிப்பேட்டையே சொல்லும். நீ ஒருவன்தான், "கல்லு வளரல, மண்ணு கரையுது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பொறுக்குவாய். பொறுக்கிப் பொறுக்கி நீ கட்டிய கல்லுவரப்பு அப்படியேதான் நிற்கிறது. இந்த மழையில் வந்த கல்லைப் பொறுக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கல்லைப் பற்றி நான் உனக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறேன்! அது கல்லே அல்ல, ஆதி காலத்தில் பெய்த ஆலங்கட்டி, ஒவ்வொன்றும் பூசணிக்காய்த் தண்டி, பொறுக்க ஆளில்லாமல் கிடந்து இறுகிப் போனது என்றேன்.

"அப்ப வெய்யல்ல ஏன் மச்சான் உருகல?"

"கல்லான பொறவு உருகுனா அதுக்கு என்றா மருவாதி?"

"பொய்யி" என்றாய். தஞ்சாவூர்ப் பக்கத்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவரைச் சேந்தமங்கலம் சந்தையில் பார்த்துவிட்டு வந்து சொன்னேனே, நினைவிருக்கிறதா? இந்தச் சாதிக் கல்லில் தெளிவாக இருப்பதைத் தேய்த்துத்தான் அங்கே கண்ணாடி செய்வார்களாம். சாதாரணக் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும், நாக்கில் வைத்தாலே தெரிந்துவிடும் என்றார். அதை அப்படியே சொன்னால் என் மரியாதை என்னாவது? அதைப் போட்டுக்கொண்டு நின்றால் என் ஊர் அயோத்தியாப்பட்டணத்து மாட்டுக்கு இங்கிருந்தே பல் எண்ணலாம் என்று சேர்த்துச் சொன்னேன். "பொய்யி" என்றாய். மறுநாள் விடியலில் காட்டுக்கு வந்தால், நீ குந்தி உட்கார்ந்து கல்லை நக்கிக்கொண்டிருந்தாய்!

"என்ன மாப்பிள்ள பண்ற?"

"உப்புக் கெடக்குதான்னு பாத்தேன்."

உலகச் சண்டைக் காலம் வந்தபோது சேலத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரர் சொன்னதையும் கொண்டுவந்தேன். கம்பியில்லாத் தந்திப் பெட்டிக்குள் இந்தக் கல்லில் ஒரு மெல்லிய சில்லு இருக்கிறதாம். கரண்டு விட்டால் அது நடுங்குமாம், ஒரே கதியில், தாளம் தப்பாமல். அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு வழி தவறாமல் ஊர் ஊராகப் போகிறதாம். சந்தையில் எல்லோர் முன்னாலும்தான் இதைச் சொன்னேன்.

"நடுங்குதா? குளுருதாட்ட இருக்குது. ஒரு கம்பளி போத்து உடு மச்சான்."

சந்தையே சிரித்தது. அந்தக் கோபத்தில்தான் கடைசி அஸ்திரத்தை விட்டேன். கும்மிருட்டில் ரெண்டு வெங்கச்சாங்கல்லை உரசினால் கல்லுக்கு உள்ளேயே வெளிச்சம் வரும், தீ இல்லை, புகை இல்லை, தண்ணீருக்குள் வைத்து உரசினாலும் வரும் என்றேன். நீ எழுந்து துண்டை உதறினாய். "இதுவரைக்கும் சொன்னதுலயே பெரிய பொய்யி இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

சரி, பாவாயி சேதிக்கு வருகிறேன். அவள் அழவில்லை மாப்பிள்ளை. அழுதிருந்தால் எனக்குப் பயமில்லை. எதைச் சொன்னாலும் "செரிங்க" என்கிறாள். சாப்பிடு என்றால் செரிங்க. சாப்பிடாதே என்றாலும் செரிங்க. உன் கிழக்கு வீட்டுப் பங்காளி வந்து, "அம்மணி, இந்தக் கல்லுக்காட்ட வெச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணப்போற? எங்ககிட்ட எழுதிக் குடுத்துப்போட்டு அண்ணன் ஊட்டுக்குப் போயிரு" என்றார். அதற்கும் "செரிங்க." அவர் பத்திரத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அதில் லாபம்தான். என் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கட்டிலும் சாட்டைக்குச்சியும். தங்கை வந்தால் விளக்கு எரியும், அடுப்பு எரியும். அவள் மனசார விரும்பி ஒரு "செரிங்க" சொல்லியிருந்தால் நானே முன்னால் நின்று மூட்டையைத் தூக்கியிருப்பேன். ஆனால் அது அவள் சொன்ன வார்த்தையா? உன்னோடு காட்டில் குனிந்து முதுகு ஒடிந்தவள் அவள். அந்தக் கல்லுவரப்பில் பாதி அவள் கட்டியது. ஒரே ஒரு தடவை என்னை மறுத்துப் பேசிவிட்டால் போதும், அவள் பிழைத்துக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

எனவே பொய்களை அவிழ்த்துவிட்டேன். நான் விற்ற காளை ஒன்று இங்கிலீஷ் பேசுகிறது என்றேன். "ஆமாங்ணா." கரியில் ஓடுகிற பஸ் ஏற்றத்தில் திணறியபோது நான் ஒரு கையால் தள்ளிச் சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்றேன். "ஆமாங்ணா, நீங்க பலசாலி." மாப்பிள்ளை, பொய் சொல்வதில் இவ்வளவு தோற்றுப்போனவன் உலகத்தில் உண்டா?

ஒரு மத்தியானம் சரக்கு தீர்ந்துபோயிற்று. அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். வேறு பொய் இல்லாததால் ஒரு மெய்யை எடுத்தேன்.

"சாமி, இருட்டுல ரெண்டு வெங்கச்சாங்கல்ல ஒரசுனா உள்ளுக்குள்ள வெளிச்சம் வரும்."

"பொய்யி."

முறம் நின்றது.

"என்ன சாமி சொன்ன?"

"பொய்யின்னேனுங்ணா. போன மாசியில அவிய கதவச் சாத்திட்டு, கம்பளிய இழுத்துத் தலையோட போத்திக்கிட்டு உக்காந்து ஒரசுனாங்க. காச்சலோன்னு பயந்துபோயிட்டேன். கேட்டதுக்கு, 'உன்ற அண்ணன் பேச்சக் கேட்டுக் கை தேஞ்சதுதான் மிச்சம், ஒரு மண்ணும் வரல'ன்னாங்க."

அடப்பாவி மாப்பிள்ளை!

நான் ஓடிப்போய் உன் வரப்பிலிருந்தே ரெண்டு கல் எடுத்துவந்தேன். கதவைச் சாத்தினேன். உன் ஆட்டுரோமக் கம்பளி இன்னும் அதே முளையில்தான் தொங்குகிறது. அதற்குள் அண்ணனும் தங்கையும் நடுப்பகலில் முக்காடு போட்டு உட்கார்ந்தோம். ஆட்டு வாசமும் உன் வாசமும் அடித்தது. "கண்ணு பழகட்டும் சாமி" என்றேன். கல்லை என் கையிலிருந்து அவளே பிடுங்கி உரசினாள்.

வந்தது பார் வெளிச்சம்! கம்பளியைப் பொத்துக்கொண்டு, கூரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கொல்லிமலைக் குரங்குகளுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு நிழல் விழுந்தது. சேந்தமங்கலத்துச் சேவல்கள் மறுபடி விடிந்துவிட்டதென்று கூவின. ஊரில் கட்டியிருந்த மாடெல்லாம் கொம்பை வளைத்துக் கும்பிட்டன.

பாவாயி உரசுவதை நிறுத்தினாள். கருகிய வாடை ஒன்று கல்லிலிருந்து வந்தது.

"இதே கல்லு, இதே கம்பளி. அவியளும் பாத்திருக்காங்க" என்றாள். "பாத்துப்போட்டு எங்கிட்டயே பொய்யி சொல்லியிருக்காங்க."

கம்பளிக்குள் ஏதோ நடுங்கியது. கல் அல்ல. அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

ஏன் மாப்பிள்ளை மறைத்தாய்? ஒரு தடவை "மெய்யி" என்று சொல்லிவிட்டால் நான் பொய் சொல்வதை விட்டுவிடுவேன் என்று பயந்தாயா? இல்லை, என்னை நன்றாகத் தவிக்கவிட்டு ஒருநாள் சொல்லலாம் என்று வைத்திருந்தாயா? இந்த ஜில்லாவிலேயே பெரிய பொய்யன் நான்தான் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே.

பங்காளி நாள் குறித்துக்கொண்டு வந்தார். பாவாயி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"முடியாதுங்க. காட்ட நானே பாத்துக்கறேன்."

"ஒத்தையிலயா அம்மணி?"

"ஒத்தையிலதானுங்க." என் பக்கம் திரும்பி, "நீங்களும் கெளம்புங்ணா. சந்தைக்கு நேரமாகுதில்ல?" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கையோடு பஸ்ஸுக்குத் தனியாக நின்றேன். அயோத்தியாப்பட்டணத்தில் கதவைத் திறந்தால் கட்டில், சாட்டைக்குச்சி. கட்டுத்தறியில் விற்காமல் நிற்கிற ஒரு மாடு. அதனிடம் ரெண்டு பொய் சொன்னேன். அதுவும் தலையாட்டுகிறது மாப்பிள்ளை.

மழைக்கு மழை வருகிறேன். உன் காட்டில் குனிந்து கல் பொறுக்குவேன். வரப்பில் ஒவ்வொரு கல் வைக்கும்போதும் ஒரு பொய் சொல்லுவேன். பாவாயி மறுக்கிறாளா பார்ப்பேன். நீயும் இருக்கிற இடத்திலிருந்து விடாமல் மறுத்துக்கொண்டிரு. நம்பிவிடாதே.

குரங்கு நிழல் பொய். சேவல் கூவியது பொய். மாடு கும்பிட்டது பெரும் பொய். அந்த மத்தியானத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய். கல்லுக்குள் வெளிச்சம் வந்தது. மின்மினிகூடப் பரிதாபப்படும், அவ்வளவுதான். பாவாயி முகம்கூட அதில் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கை இருப்பது மட்டும் தெரிந்தது.

நீ கடைசிவரை நம்பாத,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான்.